மூன்றாம் சரணத்தை மறந்த சருகுமான்

பொடிச்சி என்ற சருகுமானுக்கு அன்று காலையிலிருந்தே ஒரு தழையும் உள்ளே இறங்கவில்லை. சாயங்காலம் இலுப்பைத் தோப்பில் நாடகம். அதில் கதாநாயகி வேறு யாருமில்லை, பொடிச்சிதான்!

சருகுமானை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காட்டில் நடந்தபோது காலடியிலேயே நின்றிருக்கும், அப்போதும் தெரிந்திருக்காது. முயல் அளவு உடம்பு, குச்சி குச்சியாகக் கால். பயம் வந்தால் கத்தாது. காய்ந்த சருகுகளுக்கு நடுவே சருகோடு சருகாக அசையாமல் நின்றுவிடும். "வாயை மூடு! காலை ஆட்டாதே! வந்தது தானாகப் போய்விடும்!" தாய் குட்டிக்குச் சொல்லும் முதல் பாடமும் அதுதான், கடைசிப் பாடமும் அதுதான். அந்தக் குலத்தில் பிறந்துவிட்டு மேடை ஏறிப் பாடுவதென்றால் விளையாட்டா?

ஆண்டுதோறும் இலுப்பைப் பூ உதிரும் நாளில் அந்தக் காட்டு மிருகங்கள் மேகராசன் நாடகம் போடும். வெயில் தாழ்ந்ததும் தொடங்கி, இருட்டுவதற்குள் மங்களம் பாடி முடித்துவிடும். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மழை இல்லாமல் காடு வாடுகிறது. வனத்தின் மகள் மலை ஏறிப் போய் மேகராசனிடம் தண்ணீர் கேட்டுப் பாடுகிறாள். பாட்டில் மயங்கி அவன் மழையாகக் கொட்டுகிறான். கதை இத்தனூண்டுதான். பாட்டுகளோ ஒவ்வொன்றும் தேன்!

வனமகள் வேஷம் எப்போதும் புள்ளிமானுக்கு. இந்த ஆண்டு அது குட்டி ஈன்று புதருக்குள் படுத்துவிட்டது. நாடக வாத்தியார் கரடி தலையில் கைவைத்துக்கொண்டு ஆள் தேடியது. முயலைப் பாடச் சொன்னால் அது பாதிப் பாட்டை மென்று விழுங்கியது. காட்டெருமை பாடியதும் ஓடை மீன்கள் அடியில் போய் ஒளிந்துகொண்டன. கடைசியில் மூங்கில் புதருக்குப் பின்னால், யாரும் கேட்கவில்லை என்று நினைத்துப் பொடிச்சி பாடிக்கொண்டிருந்ததைக் கரடி கேட்டுவிட்டது. மெல்லிய குரல். ஆனால் சுருதி பிசகாத குரல்!

"ஆள் கிடைச்சாச்சு!" என்று கரடி குதித்தது. "பொடிச்சி, இந்த வருஷம் வனமகள் நீதான்!"

"அண்ணே, நான் மேடையே ஏறினதில்லையே!"

"எல்லாரும் ஒரு நாள் முதல் முதலா ஏறினவங்கதான். மறுபேச்சு கிடையாது!"

பொடிச்சிக்குப் பயம் பாதி, ஆசை பாதி. ஆசைதான் தலையை ஆட்டியது.

இந்த நாடகத்துக்கு ஒரு சட்டம் உண்டு. மங்களம் பாடி, வந்தவர் எல்லாம் வீடு போய்ச் சேரும்வரை எந்தப் பல்லும் எந்த நகமும் வேலை செய்யக் கூடாது. அதனால்தான் புலிக்குப் பக்கத்தில் மான் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும். ஆனால் சட்டத்துக்கு இன்னொரு பாதியும் இருந்தது. பாட்டு நடுவில் அறுந்து, மரங்கொத்தி தட்டும் தாளம் ஒரு முழுச் சுற்று வெறுமனே போய்விட்டால், சட்டமும் அறுந்தது! பிறகு யார் யாரைத் தின்றாலும் ஏன் என்று கேட்க முடியாது. பாட்டை நம்பி வந்தவர்களைப் பாட்டுதான் காக்க வேண்டும்.

இதுவரை பாட்டு அறுந்ததில்லை. எப்படி அறும்? அதற்குத்தான் திரைக்குப் பின்னால் கிளையில் வால்காக்கை இருந்ததே! மறந்தவர்களுக்கு அடி எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. நீண்ட வால், இனிய குரல், தேன் ஒழுகும் பேச்சு. எல்லாப் பாட்டும் அதற்குத் தலைகீழ்ப் பாடம்.

ஒத்திகையில் பொடிச்சி முதல் சரணத்தை நன்றாகப் பாடியது. இரண்டாவதையும் பாடிவிட்டது. மூன்றாவதுதான் உதைத்தது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றது. ஒவ்வொரு முறையும் அது வாய் திறந்து தேடும் முன்பே வால்காக்கை எடுத்துக் கொடுத்துவிட்டது.

"மாமா, மூணாவது சரணம் மனசுல நிக்கவே மாட்டேங்குது. கரடியண்ணன்கிட்ட சொல்லிடட்டுமா?" என்று பொடிச்சி கேட்டது.

"ஐயையோ! அந்தத் தப்பை மட்டும் செஞ்சுடாதே கண்ணு!" என்றது வால்காக்கை. "ஏற்கெனவே உன்னைப் பாத்து, ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைன்னு சிரிக்கிறாங்க. பாட்டே வரலைன்னு வேற சொன்னா காடே கைகொட்டிச் சிரிக்கும். நான் எதுக்கு இருக்கேன்? நீ நின்னா நான் கொடுப்பேன்!"

"நிச்சயமா மாமா?"

"என் வால்மேல சத்தியம்!"

அந்த வால் எத்தனை சத்தியத்தைப் பார்த்திருக்குமோ! பொடிச்சி நம்பிவிட்டது. ஒத்திகை முடிந்த மாலை கரடி வந்து, "எல்லாம் பாடமா? ஏதாவது தடுமாறுதா? இப்பவே சொல்லிடு!" என்று கேட்டபோது பொடிச்சியின் வாய்வரை உண்மை வந்தது. வெட்கம் அதைப் பிடித்து உள்ளே தள்ளியது.

"எல்லாம் பாடம் அண்ணே!" என்றது பொடிச்சி.

இங்கே ஒரு சங்கதியை உங்கள் காதில் மட்டும் போட்டுவைக்கிறேன். பொடிச்சிக்கு இது தெரியாது. அந்த வால்காக்கைக்குப் பிழைப்பு நாடகம் இல்லை. புலி சாப்பிட்டுவிட்டு வாயைத் திறந்தபடி படுத்தால், பல்லிடுக்கில் இருக்கும் இறைச்சித் துணுக்குகளைக் கொத்தித் தின்பதுதான் பிழைப்பு. சில நாட்களாகப் புலிக்கு வேட்டை சரியில்லை. புலி பட்டினி என்றால் வால்காக்கையும் பட்டினி. அது நேரே புலியிடம் போனது.

"ராசா, நாடகத்தன்னைக்கு மான் கூட்டத்துக்குப் பக்கத்துல உக்காருங்க!"

"எதுக்கு? சட்டத்தை நான் உடைக்க மாட்டேன்," என்று புலி உறுமியது.

"நீங்க ஏன் உடைக்கணும்? அது தானா உடையும்! உடைஞ்சப்புறம் குற்றம் யாரு தலையில? பாட்டை விட்டவ தலையில!"

புலி நாக்கைச் சுழற்றி உதட்டை நக்கியது. அதன் வயிறுதான் பதில் சொன்னது, கொடகொடவென்று.

நாடக நாள் வந்தது. இலுப்பைத் தோப்பில் எள் போட்டால் எள் விழாது. மான் கூட்டம் குட்டிகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. அதை ஒட்டிப் புலி படுத்திருந்தது. சில்வண்டுகள் சுருதி சேர்த்தன. மரங்கொத்தி காய்ந்த கிளையில் அமர்ந்து, "டொக், டொக்!" என்று தாளம் பார்த்தது. மேடை ஓரத்தில் பின்பாட்டுக்குத் தவளைகள். அவை பெரிய பாட்டுக்காரர்கள்தான். ஆனால் முன்னே பாடியதைத்தான் பின்னே பாடும். தானாக ஒரு சொல் எடுக்கத் தெரியாது.

திரைக்குப் பின்னால் கரடி மேகராசன் வேஷம் கட்டிக்கொண்டிருந்தது. தலை, கழுத்து, காது எல்லாம் இலவம்பஞ்சு! மேகம் என்றால் சும்மாவா? பொடிச்சி பக்கத்தில் நின்றது. முன்கால் தானாகத் தரையைப் படபடவென்று தட்டியது.

"அண்ணே! நான் ஒண்ணு சொல்லணும்!" என்றது பொடிச்சி, கடைசி நேரத்தில்.

"ஆ? பசிக்குதா? முடிஞ்சதும் சாப்பிடலாம்! போ, போ!" என்று பஞ்சுக் காதோடு கரடி அதை மேடைக்குத் தள்ளிவிட்டது.

கீழே எத்தனை கண்கள்! மரங்கொத்தி தாளத்தைத் தொடங்கியது. பொடிச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடியது.

"வாறேன் ஐயா வாறேன் – நான்
வனத்து மக வாறேன்!
மேகராசன் வாசல் தேடி
மேடு ஏறி வாறேன்!"

"மேடு ஏறி வாறேன்!" என்று தவளைகள் வாங்கிப் பாடின.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "அடேயப்பா! இத்தனூண்டு தொண்டைக்குள்ளேயா இவ்வளவு பாட்டு!" என்று காட்டெருமை உரக்கவே சொன்னது. பொடிச்சி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை! மறு கண்ணையும் திறந்தது. குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

"காலில் முள்ளு தச்சதய்யா
காஞ்ச காத்து சுட்டதய்யா
ஊத்துக்கெல்லாம் தண்ணி கேட்டு
ஓடி ஓடி வாறேன்!"

"ஓடி ஓடி வாறேன்!" என்றன தவளைகள். மான் குட்டிகள் தலையாட்டின. பொடிச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவுதானா மேடை! இதற்கா காலையிலிருந்து ஒரு தழையும் இறங்கவில்லை!

மூன்றாம் சரணம். பொடிச்சி வாயைத் திறந்தது.

ஒன்றும் வரவில்லை.

முதல் சொல் எது? தெரியவில்லை. எதைப் பற்றிய சரணம்? அதுவும் தெரியவில்லை. துடைத்துவிட்டாற்போல மனசு காலி. பொடிச்சி தலையை மெல்லத் திரைப்பக்கம் திருப்பியது.

"மாமா! எடுத்துக் கொடுங்க!"

வால்காக்கை தன் வால் இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

"மாமா! நின்னுட்டேன்!"

வால்காக்கை அண்ணாந்து இலுப்பைப் பூவைப் பார்த்தது. அந்தப் பார்வையில் பொடிச்சிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டது மாமா!

"டொக்!" என்றது மரங்கொத்தி. அது என்ன செய்யும் பாவம்? தாளக்காரனுக்குத் தாட்சண்யம் கிடையாது. வெறும் தாளம் ஓடத் தொடங்கியது.

முன்வரிசையில் புலி எழுந்தது. சோம்பல் முறித்தது. நகங்கள் வெளியே வந்தன. மான்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவற்றில் பலவற்றுக்கு அந்தச் சரணம் தெரியும். ஆனால் புலி எழுந்து நிற்கும்போது எந்த மானுக்குத் தொண்டை திறக்கும்?

"டொக்! டொக்!"

பொடிச்சியின் உடம்பு தன் குல வழக்கப்படி உறைந்துபோனது. வாயை மூடு. காலை ஆட்டாதே. வந்தது தானாகப் போய்விடும். ஆனால் இது சருகுக் காடு இல்லையே, மேடை! இங்கே வாயை மூடினால் வந்தது போகாது. குட்டிகளைத் தின்றுவிட்டுத்தான் போகும். கீழே ஒரு மான் குட்டி தாயின் வயிற்றுக்கடியில் தலையை நுழைத்துக்கொண்டிருந்தது. தன் வெட்கத்துக்கு அந்தக் குட்டியா விலை கொடுக்க வேண்டும்? சிரித்தால் சிரிக்கட்டும்!

"டொக்!" தாளம் சுற்றி முடியப் போகிறது. பொடிச்சி வாயைத் திறந்தது. அதே மெட்டில், வாய்க்கு வந்ததைப் பாடியது.

"மறந்துபோச்சே மறந்துபோச்சே
மூணாஞ் சரணம் மறந்துபோச்சே!
வெக்கம் விட்டுக் கேக்குறேனே
தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்!"

தவளைகளுக்கு அது பழைய பாட்டா புதுப் பாட்டா என்ற கவலையெல்லாம் இல்லை. "தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்!" என்று ஒரே குரலாகப் பிடித்துக்கொண்டன.

பாட்டு அறவில்லை! கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு சிரிப்பு கிளம்பியது. கேலிச் சிரிப்பு இல்லை, போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு. புலி தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றது.

ஆனால் யாரும் சொல்லவில்லை. மான்களுக்கு இன்னும் வாய் ஒட்டியிருந்தது. மற்றவர்களுக்குப் பாட்டு அரைகுறை. பொடிச்சி தோப்பைச் சுற்றிப் பார்த்தது. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நின்றுகொண்டிருந்தது ஒருவர் மட்டுமே. வருவது வரட்டும் என்று பொடிச்சி அவரையே பார்த்துப் பாடியது.

"முன்வரிசைப் புலியண்ணே
முழிச்சு நிக்கும் புலியண்ணே!
வருஷா வருஷம் கேட்டவரே
நீங்களாச்சும் சொல்லுங்களேன்!"

"நீங்களாச்சும் சொல்லுங்களேன்!" என்று தவளைகள் கத்தின. தோப்பில் இருந்த அத்தனை தலைகளும் புலியின் பக்கம் திரும்பின.

புலிக்கு முகம் மாறியது. அதற்கு அந்தச் சரணம் தெரியாதா? குட்டியாக இருந்த காலத்திலிருந்து அந்தச் சரணத்துக்காகத்தானே அது நாடகத்துக்கு வருகிறது! காட்டில் புலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் கொலைகாரன், கொடியவன் என்றுதான் பேசுவார்கள். புலிக்கும் தாகம் எடுக்கும் என்று சொன்னது அந்த ஒரு சரணம்தான். ஆண்டுதோறும் அந்த இடம் வரும்போது அது கண்ணை மூடிக்கொள்ளும். இந்த ஆண்டு அது வராமலே போய்விடுமா? வயிறு ஒரு பக்கம் இழுத்தது. பாட்டு ஒரு பக்கம் இழுத்தது. இத்தனை பேர் பார்க்கும்போது தெரியாது என்று நிற்கவும் மனசு வரவில்லை.

புலி தொண்டையைச் செருமிக்கொண்டது. பிறகு, கரகரத்த குரலில் பாடியது.

"மானுக்கும் ஒரு வாய் தண்ணி
மயிலுக்கும் ஒரு வாய் தண்ணி
காட்டுக்கொரு காவல் நிக்கும்
புலிக்கும் ஒரு வாய் தண்ணி!"

"கெடுத்தீங்களே ராசா! கெடுத்தீங்களே!" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு அலறல் கேட்டது. "வாய்க்கு எட்டினதை இப்படிப் பாட்டுக்குக் கொடுத்துட்டீங்களே!"

பேசாமல் இருந்தவன் பேசிக் கெட்டான்! இவ்வளவு நேரம் அடி எடுத்துக் கொடுக்க வராத குரல் எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வால்காக்கை அலகை மூடிக்கொண்டது. மூடி என்ன பயன்? இரண்டு குரங்குகள் ஏறிப்போய் அதன் வாலைப் பிடித்து இழுத்துவந்தன.

பொடிச்சி அதைப் பார்க்கவில்லை. புலி கொடுத்த சரணத்தை வாங்கி, பாடிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு சொல் தவறவில்லை. பொடிச்சியோடு தவளைகள் பாடின. தவளைகளோடு மான்கள் பாடின. மேகராசன் பஞ்சுப் பொதியாக உருண்டு மேடைக்கு வந்து, "கொடுத்தேன் மழை!" என்று முழங்கியது. யானை துதிக்கையில் வைத்திருந்த தண்ணீரை எல்லோர் தலையிலும் பீய்ச்சியது. மான் குட்டிகள் நனைந்து துள்ளின. மங்களம் பாடி முடிந்தது.

மேடையை விட்டு இறங்கியதும் பொடிச்சியின் நாலு காலும் ஒருசேர மடங்கின. அப்படியே உட்கார்ந்துவிட்டது. சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. காலையிலிருந்து வயிற்றில் கிடந்த கல் எங்கேயோ உருண்டு போயிருந்தது. அப்பாடா! அப்பாடா!

கரடி பஞ்சைப் பிய்த்து எறிந்துகொண்டே ஓடிவந்தது. நடந்ததைக் கேட்டு அதற்கு வியர்த்துவிட்டது.

"ஏண்டி பொடிச்சி, மூணாவது சரணம் வரலைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வெக்கமா இருந்துச்சு அண்ணே. எல்லாரும் சிரிப்பாங்கன்னு..."

"அடி அசடே! எனக்கே அந்தச் சரணம் பாதிதான் தெரியும்! அதனாலதான் நான் எப்பவும் மேகராசன். எனக்கு ஒரே ஒரு வரி!"

பொடிச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கரடிக்கும்தான். அப்போது சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. புலி வந்து நின்றது. பொடிச்சி சிரிப்பை விழுங்கியது.

"நல்லாப் பாடினே," என்றது புலி.

"நீங்களும் நல்லாப் பாடினீங்க அண்ணே."

"ம்ம். மூணாவது வரியில சுருதி கொஞ்சம் இறங்கிடுச்சு." புலி கூச்சத்தோடு மீசையை நக்கிக்கொண்டது. "இன்னைக்கு நாடகம். நாளைக்கு நான் புலி, நீ மான். அதை மறந்துடாதே."

"அதெல்லாம் மறக்காது அண்ணே! நாளைக்கு நீங்க வர்றதுக்குள்ள நான் ஓடியிருப்பேன். இன்னைக்குத்தான் கால் எழும்ப மாட்டேங்குது!"

புலி உறுமல் போன்ற ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, மான் குட்டிகள் இல்லாத பக்கமாக நடந்து போனது. வால்காக்கையை அந்த ஆண்டோடு நாடகக் குழுவை விட்டு விரட்டிவிட்டார்கள். மறு ஆண்டும் வனமகள் வேஷம் பொடிச்சிக்கே கிடைத்தது. அப்போது ஒத்திகையின் முதல் நாளே அது எழுந்து நின்று, "அண்ணே, எனக்கு ரெண்டாவது பாட்டு வரலை!" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டது.

தெரியாததை மறைத்து வாய் மூடி நிற்பவர் தம்மோடு பிறரையும் கெடுப்பார். தெரியவில்லை என்று சபையில் வாய்விட்டுக் கேட்பவருக்குப் பகைவரும் துணையாவார்.